பெயர் போட இரண்டே நிமிஷம்!

மாதுங்கா அரோரா தியேட்டரில் தமிழ்ப் படங்கள் ஓடிய நாட்களில், மூச்சிரைக்க ஓடி வருகிறவர் டார்ச் விளக்குடன் நிற்கும் ஆளிடம் கேட்கும் முதல் கேள்வி, “எழுத்துப் போட்டாச்சா?” என்பதுதான். “இப்பத்தான் ஓடுது” என்று பதில் வந்தால் முகத்தில் ஒரு நிம்மதி. படம் இன்னும் ஆரம்பமாகவில்லை என்று அர்த்தம். இருட்டில் நாற்காலியைத் தேட, குழந்தையை மடியில் உட்கார்த்த, முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்க என்று ஒதுக்கப்பட்ட நேரம் அது. ஒளிப்பதிவு யார், படத்தொகுப்பு யார் என்று படித்துப் பார்ப்பவர்கள் வரிசைக்கு ஒருவர் இருந்தாலே அதிகம்.

ஆனால் அந்த எழுத்தும் சில சமயம் ஜனங்களை எழுந்து நிற்க வைத்திருக்கிறது. 1992-ல் வெளிவந்த ‘அண்ணாமலை’யில் புள்ளி புள்ளியாக விளக்குகள் சேர்ந்து ரஜினிகாந்தின் பட்டமும் பெயரும் திரையில் உருவான போது, தேவாவின் இசைக்குக் கிளம்பிய விசிலை அன்று அரங்கில் இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கதை ஒரு வரி கூடத் தொடங்கவில்லை. வந்தது வெறும் எழுத்து. அதற்கே அந்த ஆரவாரம்!

அந்த இரண்டு நிமிஷத்தையே பள்ளிக்கூடப் பரீட்சையாக வைத்தால் எப்படி இருக்கும்? விளையாட்டுக்குச் சொல்வதல்ல. இங்கிலாந்தில் வைத்தார்கள். ஏறக்குறைய பத்து வருஷம் அந்தப் பரீட்சை நடந்தது.

தலை மட்டும், உடம்பு இல்லை

ஆக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், ஆர்.எஸ்.ஏ. என்ற மூன்று பெயர்களின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து ஓ.சி.ஆர். என்று அழைக்கப்படும் தேர்வு வாரியம் ஒன்று அங்கே உண்டு. நம் ஊர் பிளஸ்-1 வயதுப் பிள்ளைகள் எடுத்துப் படிக்கும் ‘மீடியா ஸ்டடீஸ்’ பாடத்துக்கு 2008-ல் அந்த வாரியம் கொண்டு வந்த திட்டத்தில், வீடியோவைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இடப்பட்ட வேலை இதுதான்: இதுவரை இல்லாத ஒரு புதிய கதைப் படத்தின் டைட்டிலையும் தொடக்கக் காட்சியையும் எடுத்துத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். நீளம் இரண்டு நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. தனியாகவும் செய்யலாம், குழுவாகவும் செய்யலாம். குழு என்றால் நான்கு பேருக்கு மேல் கூடாது. படமும் ஒலியும் மாணவர்கள் தாங்களே உண்டாக்கியவையாக இருக்க வேண்டும். இசைக்கும் ஓசைகளுக்கும் மட்டும், காப்புரிமைத் தொல்லை இல்லாத இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சலுகை உண்டு. பிடித்த சினிமாப் பாட்டை எடுத்து ஒட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் படம் ஒரு நாளும் எடுக்கப்படப் போவதில்லை. தலை மட்டும் உண்டு, உடம்பு கிடையாது. பார்ப்பவனுக்கு “அப்புறம் என்ன?” என்று ஆவல் எழ வேண்டும். ஆனால் அப்புறம் எதுவும் இல்லை!

மொத்தம் 100 மார்க். திட்டமிடுவதற்கும் முன்தயாரிப்பு ஆராய்ச்சிக்கும் 20, எடுத்து முடித்த படத்துக்கு 60, செய்ததைத் தானே மதிப்பிட்டு எழுதுவதற்கு 20. பள்ளி ஆசிரியரே மார்க் போடுவார். வாரியம் மாதிரிக்குச் சிலவற்றை வரவழைத்துச் சரிபார்க்கும். முக்கியமான சங்கதி ஒன்று: படம் நான்கு பேருடையது, மார்க் மட்டும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. யார் உழைத்தார், யார் சும்மா நின்றார் என்று ஆசிரியர் பார்த்துக் கணக்கு வைத்திருக்க வேண்டும். சண்டைக்கு விதை இங்கேயே ஊன்றியாகிவிட்டது.

கதவைத் திறந்து நாற்காலியில் உட்கார்

பெரிய வேலைக்கு முன்னால் ஒரு சின்னப் பயிற்சி வைத்திருந்தார்கள். ஒருவர் கதவைத் திறந்து, அறையைக் கடந்து, எதிரே இருப்பவர் முன்னால் நாற்காலியில் உட்கார வேண்டும். இருவரும் ஒன்றிரண்டு வார்த்தை பேச வேண்டும். அவ்வளவுதான். “இதென்ன பிரமாதம்?” என்று கேட்கிறவர்கள் ஒரு தடவை எடுத்துப் பார்க்கட்டும்.

வெளியே நின்று கதவின் கைப்பிடியைத் திருகும் கையைக் காட்டுகிறோம். அடுத்த ஷாட்டில் அறைக்குள்ளிருந்து கதவு திறப்பதைக் காட்டுகிறோம். இரண்டும் வேறு வேறு நேரத்தில், ஒரே காமிராவில் எடுக்கப்பட்டவை. முதல் ஷாட்டில் கை பாதி திருகியிருக்கும் போது வெட்டி, இரண்டாவதில் அதே பாதியிலிருந்து தொடர்ந்தால், கண் வெட்டைக் கவனிக்காது. அசைவு அதை மூடிவிடும். கை திருகி முடித்த பிறகு வெட்டினால் ஒரு தடுக்கல் தெரியும். மறுபடியும் ஆரம்பத்திலிருந்து தொடர்ந்தால் அந்த ஆள் கதவை இரண்டு முறை திறப்பான்!

இன்னொன்று, நேர்கோட்டு விதி. பேசும் இருவருக்கும் நடுவே ஒரு கோடு போட்டது போல் நினைத்துக்கொண்டு, காமிரா எப்போதும் கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது. மும்பைவாசிகளுக்கு இதை விளக்குவது சுலபம். தாதரில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் இடமிருந்து வலமாகப் போகிற வண்டி, மேம்பாலம் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் பார்த்தால் வலமிருந்து இடமாகப் போகும். வண்டி திசை மாறவில்லை. பார்த்தவர்தான் பாலம் தாண்டினார். பாலத்தைக் காட்டாமல் இரண்டு காட்சிகளையும் ஒட்டினால் வண்டி திரும்பி வருவதாகத்தான் தோன்றும். பேசுகிறவர்களும் அப்படியே. கோட்டைத் தாண்டினால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், இருவரும் ஒரே சுவரைப் பார்த்துப் பேசுவது போல் ஆகிவிடும்.

இந்தப் பயிற்சியின் படம் மதிப்பிடும் கட்டுரையில் மறுபடி வந்து நிற்கும். அங்கிருந்து இங்கே வருவதற்குள் என்ன கற்றுக்கொண்டாய் என்று ஒரு கேள்வி உண்டு. பரீட்சையில் கேட்கப்படும் கேள்விகளில் இவ்வளவு நாணயமான கேள்வி குறைவு.

திரைச்சீலையின் மேல் ஓடிய பெயர்கள்

முன்தயாரிப்பு ஆராய்ச்சி என்பது பழைய டைட்டில்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது. அங்கே தவறாமல் வந்து சேரும் பெயர் சால் பாஸ். விளம்பரச் சித்திரம் வரைந்துகொண்டிருந்தவர். 1955-ல் ஆட்டோ பிரமிஞ்சர் எடுத்த ‘தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்’ போதைப்பழக்கத்தில் சிக்கிய ஒருவனின் கதை. அதற்கு அவர் செய்த டைட்டிலில் கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகள் வந்து வந்து நின்று, கடைசியில் முறுக்கிக்கொண்ட ஒரு கையாக மாறும். காகிதத்தை வெட்டியது போன்ற ஒரு கை, அவ்வளவே. அந்தக் காலத்து அமெரிக்கத் தியேட்டர்களில் பெயர்கள் ஓடும் போது திரைச்சீலையை விலக்கவே மாட்டார்களாம். சீலையின் மடிப்புகளின் மேலேயே எழுத்து ஓடி முடியும். கதை தொடங்கும் போதுதான் சீலை விலகும். இந்தப் படத்தின் பிலிம் பெட்டிகளோடு, டைட்டிலுக்கு முன்பே சீலையை விலக்கிவிட வேண்டும் என்று ஆபரேட்டருக்கு ஒரு குறிப்பும் வைத்து அனுப்பினார்கள். எழுத்துக்கும் மரியாதை வந்த நாள் அது என்று சொல்லலாம்.

அதற்குப் பிறகு ஹிட்ச்காக் அவரை அழைத்தார். 1958-ல் ‘வெர்டிகோ’வின் சுழல்கள், 1960-ல் ‘சைக்கோ’வின் வெட்டும் கோடுகள். இரண்டுக்கும் நடுவே 1959-ல் வந்தது ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’. சாய்வான கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வந்து, அவற்றின் மேல் பெயர்கள் ‘லிப்ட்’ போல ஏறி இறங்கி நிற்கும். பிறகு பார்த்தால் அந்தக் கோடுகள் நியூயார்க் நகரக் கட்டடம் ஒன்றின் ஜன்னல்களாக இருக்கும். கடைசியில் டைரக்டர் பெயர் வரும் சமயம் ஹிட்ச்காக்கே ஓடி வந்து பஸ்ஸைப் பிடிக்கப் பார்ப்பார். கதவு முகத்தில் அடித்தாற்போல் மூடிக்கொள்ளும்!

மாணவர்களுக்கு இவற்றையெல்லாம் விடப் பிடித்தது 1995-ல் வந்த ‘செவன்’ படத்தின் டைட்டில். கைல் கூப்பர் உருவாக்கியது. ஒருவனுடைய விரல்கள், பிளேடு, நூலும் ஊசியும், நுணுக்கி நுணுக்கி எழுதிய நோட்டுப் புத்தகங்கள். முகம் கிடையாது. பெயர்கள் கையால் கீறி எழுதப்பட்டு, துடித்துக்கொண்டே வரும். அதைத் தொகுத்த ஆங்கஸ் வால் பின்னாளில் ‘தி சோஷியல் நெட்வொர்க்’ படத்துக்கும், அடுத்த வருஷம் ‘தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ’வுக்கும் இன்னொருவருடன் சேர்ந்து ஆஸ்கார் பரிசு வாங்கியவர். அந்த டைட்டிலில் ஒரு தந்திரம் உண்டு. கொலையாளியாக நடித்த கெவின் ஸ்பேசியின் பெயர் தொடக்கத்தில் வரவே வராது. வந்தால் ரசிகர்கள் “அவர் எப்போது வருவார்?” என்று எண்ணிக்கொண்டே இருப்பார்கள் அல்லவா? இறுதியில்தான் போட்டார்கள். பெயரைப் போடுவது மாத்திரமல்ல, போடாமல் விடுவதும் டைட்டிலின் வேலையே.

இந்தியாவில் இதற்கு வழிகாட்டி சத்யஜித் ராய். விளம்பரக் கம்பெனியில் ஓவியராக இருந்தவர். எழுத்து வடிவங்களிலேயே ஊறியவர். தம் படங்களின் டைட்டில்களைத் தாமே வரைந்தார். 1964-ல் வந்த ‘சாருலதா’வில் கதாநாயகி ஒரு கைக்குட்டையில் கணவன் பூபதியின் பெயரின் முதல் எழுத்தைப் பூத்தையல் போட்டுக்கொண்டிருப்பாள். அந்தக் கைகளின் பக்கத்திலேயே பெயர்கள் வந்து போகும். வசதியான வீடு, நிறைய நேரம், கவனிக்க நேரமில்லாத கணவன், எல்லாம் அந்த ஊசியிலேயே தெரிந்துவிடும். கொலையும் இல்லை, இருட்டும் இல்லை. குல்லாய் போட்ட கொலைகாரனைத் தேடி அலைகிற பிள்ளைகளுக்கு இந்த டைட்டிலை ஒரு முறை போட்டுக் காட்டுவது நல்லது.

90 அடிக்கு ஒரு நிமிஷம்

பிலிம் காலத்தில் 35 மில்லிமீட்டர் சுருளில் ஒரு அடிக்கு 16 கட்டங்கள். விநாடிக்கு 24 கட்டங்கள் ஓடும். அதாவது நிமிஷத்துக்கு 90 அடி. இரண்டு நிமிஷ டைட்டில் என்றால் 180 அடி. கோடம்பாக்கத்தில் டைட்டில் எழுதுவதற்கென்றே கைதேர்ந்த ஓவியர்கள் இருந்தார்கள். கறுப்பு அட்டையில் வெள்ளையால் எழுதி, மேலிருந்து பார்க்கும் காமிராவில் ஒவ்வொரு அட்டையாகப் படமெடுத்து, ஓடும் காட்சியின் மேல் எழுத்தை ஏற்றுவதற்கு ‘ஆப்டிகல் பிரிண்டர்’ என்ற இயந்திரத்துக்கு அனுப்புவார்கள். ஒரு பெயரில் கால் விட்டுப்போனால் கூட முதலிலிருந்து எல்லாம் திரும்ப வர வேண்டும். செலவும் தாமதமும் தலைமேல் நிற்கும்.

அப்படியும் தவறுகள் தப்பியிருக்கின்றன. 1964-ல் ஸ்டான்லி குப்ரிக்கின் ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ படத்துக்கு பாப்லோ பெரோ என்பவர் மெல்லிய நெட்டை எழுத்துக்களில் தம் கையாலேயே டைட்டில் எழுதினார். உலகம் முழுவதும் புகழப்பட்ட டைட்டில். அதில் கதை எந்தப் புத்தகத்தைத் தழுவியது என்று சொல்லும் இடத்தில் ‘பேஸ்ட் ஆன்’ என்பதற்குப் பதில் ‘பேஸ் ஆன்’ என்று இருக்கிறது. ஒரு எழுத்து குறைவு. அறுபது வருஷத்துக்கு மேலாக அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது!

கம்ப்யூட்டர் வந்த பிறகு இந்தச் சிரமம் போயிற்று. 1990-களில் தொகுப்புக்கு ‘பிரீமியர்’, ‘பைனல் கட்’ போன்றவையும், எழுத்தை ஆட்டி வைப்பதற்கு ‘ஆப்டர் எபெக்ட்ஸ்’ என்பதும் வந்து சேர்ந்தன. பள்ளிக்கூடத்து மேஜையில் ஒரு பிள்ளை எழுத்தைத் தட்டினால் அது படத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிடிக்காவிட்டால் அழித்து வேறு. சிரமம் போன இடத்தில் வேறொன்று வந்துவிட்டது. எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்றால் எதைச் செய்வது? நூற்றுக்கணக்கான எழுத்து வடிவங்களில் இரத்தம் சொட்டும் எழுத்தைத்தான் முதலில் எடுக்கிறார்கள். ஆசிரியர்கள் அதைப் பார்க்கும் போதே முகத்தைச் சுளித்துக்கொள்கிறார்கள் என்றால் அதில் நியாயம் இருக்கிறது.

கணக்கு மட்டும் மாறவில்லை. ஐரோப்பிய வீடியோவில் விநாடிக்கு 25 கட்டம். இரண்டு நிமிஷம் என்றால் 3,000 கட்டங்கள். ஒரு பெயரை மெதுவாகப் படிப்பவரும் நிதானமாகப் படித்து முடிக்க இரண்டு மூன்று விநாடி வேண்டும். தொகுப்பவருக்கு அந்தப் பெயர் மனப்பாடம். ஒரு விநாடியிலேயே படித்துவிட்டதாக நினைப்பார். புதிதாகப் பார்ப்பவருக்கு அது போதாது. எழுத்தைச் சட்டத்தின் ஓரத்தில் ஒட்டி வைக்கவும் கூடாது. பழைய டெலிவிஷன் பெட்டிகள் படத்தின் ஓரங்களை விழுங்கிவிடும் என்பதால் நடுவில் 80 சதவீதப் பரப்புக்குள் எழுத்து நிற்க வேண்டும் என்று ஒரு வழக்கம் ஏற்பட்டது. இசையின் தாளத்துக்கு வெட்ட ஆசைப்பட்டால் இன்னொரு வம்பு. நிமிஷத்துக்கு 120 தட்டுள்ள தாளம் என்றால் ஒரு தட்டுக்கு அரை விநாடி. 25 கட்டத்தில் பாதி பன்னிரண்டரை. அரைக் கட்டத்தை எப்படி வெட்டுவது? ஒரு வெட்டு 12, அடுத்தது 13 என்று மாற்றி மாற்றிச் சமாளிக்க வேண்டும். அல்லது நிமிஷத்துக்கு 100 தட்டுள்ள இசையைப் பிடித்தால் தட்டுக்குச் சரியாக 15 கட்டம்!

நால்வர் நாற்காலி ஒன்று

இப்படி ஒரு குழுவை மனத்தில் வைத்துக்கொள்வோம். இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள். எல்லோருக்கும் பதினேழு வயது. ஒருத்தி காமிராவைப் பிடிக்கிறாள். இன்னொருத்திக்குக் கம்ப்யூட்டர் கைவந்தது. நெட்டையான பையன்தான் கொலைகாரன், வேறு யார்? நான்காமவன் ஒலிக்குப் பொறுப்பு என்று பேச்சு.

குளிர்காலம். டிசம்பரில் லண்டன் பக்கத்தில் மாலை நான்கு மணிக்குள் சூரியன் அஸ்தமித்துவிடும். பள்ளி விட்டுக் காட்டோரப் பாதைக்குப் போய்ச் சேர்வதற்குள் வெளிச்சம் போய்விடும். சனிக்கிழமை போனால் மழை. அடுத்த சனிக்கிழமை போனால் நெட்டையன் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். முந்தின வாரம் எடுத்த ஷாட்டில் முடி காதை மூடியிருக்கிறது. ஸ்வெட்டரின் குல்லாயை இழுத்துவிட்டுக்கொள்ளச் சொல்லிச் சமாளிக்கிறார்கள். மாணவர் படங்களில் குல்லாய்க் கொலைகாரர்கள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ!

எடுத்தாகிவிட்டது. இனி வெட்ட வேண்டும். இங்கேதான் குழு வேலையின் சங்கடம் ஆரம்பம். காமிராவைத் தூக்க ஒருவர், விளக்கைப் பிடிக்க ஒருவர், நடிக்க ஒருவர் என்று வெளியே நால்வருக்கும் வேலை இருந்தது. தொகுக்கும் மேஜையில் நாற்காலி ஒன்று, ‘மவுஸ்’ ஒன்று. ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். மூவர் பின்னால் நிற்கிறார்கள். முதல் நாள் ஆளுக்கொரு யோசனை. இரண்டாம் நாள் ஒருவன் செல்போனைப் பார்க்கிறான். மூன்றாம் நாள் சாப்பாட்டு மணி அடித்ததும் மூவரும் போய்விடுகிறார்கள். அவள் மட்டும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஷாட்டுகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒரு திங்கட்கிழமை காலையில் திறந்தால் படம் இருந்த இடமெல்லாம் சிவப்பு. ‘மீடியா ஆப்லைன்’ என்று வருகிறது. வெட்டிய கணக்கு இருக்கிறது, வெட்டப்பட்ட படத்தைக் காணோம். ஒலிக்காரன் இடம் போதவில்லை என்று மூலக் கோப்புகளை வேறெங்கோ நகர்த்திவிட்டான். தேடி எடுத்து மறுபடி இணைக்க ஒரு நாள் போகிறது. அன்று யாரும் யாருடனும் பேசவில்லை.

புனேயில் 1960-ல் பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் தொடங்கப்பட்ட திரைப்படக் கல்லூரியில் இந்தத் தகராறுக்கு இடம் குறைவு. அங்கே டைரக்‌ஷன், ஒளிப்பதிவு, தொகுப்பு, ஒலி ஆகியவை தனித்தனிப் பிரிவுகள். கடைசி வருஷப் படத்துக்குப் பிரிவுக்கு ஒருவராகச் சேருகிறார்கள். யார் நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்பது சேருவதற்கு முன்பே முடிவான விஷயம். பதினேழு வயதுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படி யாரும் முடிவு செய்து கொடுக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, வெட்டுகிற வேலை பெரும்பாலும் பொறுமைசாலி ஒருவர் தலையில் வந்து விழுந்துவிடும்.

யார் பெயர் எங்கே?

ஒருவழியாகக் காட்சி சேர்ந்துவிட்டது. இனி எழுத்து. கற்பனைக் கம்பெனியின் பெயர் முதலில். பிறகு நடிகர்கள், படத்தின் பெயர், இசை, தொகுப்பு, ஒளிப்பதிவு, தயாரிப்பாளர், எழுதியவர், இறுதியில் டைரக்டர். இந்த வரிசை யாரோ அழகுக்காகச் செய்ததல்ல. அமெரிக்காவில் தொடக்க டைட்டிலில் டைரக்டர் பெயர்தான் கடைசியாக நிற்க வேண்டும் என்பது அவர்கள் சங்கத்தின் விதி. தனி அட்டையா, பலரோடு சேர்ந்த அட்டையா என்பதை நடிகர்களின் ஒப்பந்தத்திலேயே எழுதுகிறார்கள். 1980-ல் ‘தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்’ படத்தின் தொடக்கத்தில் டைரக்டர் பெயர் இல்லை என்று சங்கம் அபராதம் விதித்தது. ஜார்ஜ் லூகாஸ் அபராதத்தைக் கட்டினார். கட்டிவிட்டுச் சங்கத்திலிருந்தே விலகிவிட்டார்!

இவர்களுக்குச் சங்கம் ஏது? நான்கு பேர், நால்வரும் டைரக்டர் என்கிறார்கள். நெட்டையன் தன் பெயரைத் தனி அட்டையில் போட வேண்டும் என்கிறான். “நான்தானே தெரிகிறேன்?” என்கிறான். காமிராக்காரி தன் பெயர் வராவிட்டால் எடுத்த படத்தைத் திருப்பிக் கேட்பாள் போலிருக்கிறது. ஒலிக்காரன் கோப்பு நகர்த்திய விவகாரத்துக்குப் பிறகு வாயைத் திறப்பதில்லை. கடைசியில் கறுப்புத் திரையில் ஆளுக்கு ஓர் அட்டை, மூன்று மூன்று விநாடி, ஆக 12 விநாடி என்று முடிவாகிறது.

ஓட்டிப் பார்க்கிறார்கள். 2 நிமிஷம் 7 விநாடி வருகிறது. விதி இரண்டு நிமிஷம். 175 கட்டங்கள் போக வேண்டும். நாளைக் காலை ஒப்படைக்க வேண்டும்.

எதை வெட்டுவது? காமிராக்காரி, மரங்களுக்கு இடையே மங்கல் வெளிச்சம் வரும் ஷாட்டைத் தொடக் கூடாது என்கிறாள். மூன்று சனிக்கிழமை காத்திருந்து எடுத்தது. நெட்டையன், தான் பாதையில் நடந்து வரும் 11 விநாடி ஷாட்டில் ஒரு கட்டத்தைக் கூட விட மாட்டேன் என்கிறான். மௌனமாக இருந்த ஒலிக்காரன் வாயைத் திறந்து, அந்த 11 விநாடிக்கும் காலடிச் சத்தத்தைத் தான் ஒவ்வொன்றாகப் பொருத்தி வைத்திருப்பதாகச் சொல்கிறான். அப்போதுதான் மற்ற மூவருக்கும் தெரிகிறது. இரண்டு இரவு வீட்டுக் கொல்லையில் உலர்ந்த இலைகளின் மேல் பூட்ஸ் காலோடு நடந்து நடந்து பதிவு செய்திருக்கிறான். ஒருவருக்கும் சொல்லவில்லை. அவன் சும்மா இருந்ததாகத்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். தொகுத்தவள் குறிப்பு நோட்டில் கூட அப்படித்தான் எழுதி வைத்திருந்தாள். ஆசிரியர் மார்க் போடுவதற்குப் பார்க்கும் நோட்டு அது.

அவள் நோட்டைப் பிரித்து அந்த வரியை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினாள். பிறகு தன் பெயர் இருந்த அட்டையை எடுத்துக் காமிராக்காரியின் அட்டையில் கீழ்வரியாகச் சேர்த்தாள். இதைப் பார்த்து நெட்டையனும் தன் பெயரை ஒலிக்காரன் பெயரோடு சேர்க்கச் சொன்னான். ஆனால் தன் பெயர்தான் மேலே என்றான். ஒரு அட்டையில் இரண்டு பெயர் என்றால் படிக்க நேரம் கூட வேண்டும் என்று நான்கு நான்கு விநாடி கொடுத்தாள். 12 விநாடி 8 ஆயிற்று. நான்கு விநாடி மிச்சம்.

இன்னும் மூன்று விநாடி போக வேண்டும். நடந்து வரும் ஷாட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். தொடக்கத்தில் அவன் வருவதற்கு முன்னால் வெறும் பாதை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. அதை எடுத்தால் 50 கட்டம். படம் இல்லாவிட்டாலும் சத்தம் முன்னதாகவே கேட்கலாமே என்றான் ஒலிக்காரன். முந்தின ஷாட்டில் பெண் திரும்பிப் பார்க்கும் போதே காலடி கேட்கட்டும். ஆள் பிறகு வரட்டும். ஓட்டிப் பார்த்தார்கள். ஆள் தெரியாமல் இலை நொறுங்கும் சத்தம் மட்டும் வந்த போது நால்வருமே ஒரு கணம் கதவுப் பக்கம் பார்த்தார்கள். அது சரியாகிவிட்டது. இன்னும் 30 கட்டத்தைக் கடைசிப் பக்கம் எடுக்க நெட்டையன் சம்மதிக்க இருபது நிமிஷம் ஆயிற்று.

1 நிமிஷம் 59 விநாடி 20 கட்டம். ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு பெயரையும் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்துச் சரிபார்த்தார்கள்.

2017-ல் புதிய பாடத்திட்டம் வந்த போது ஓ.சி.ஆர். வாரியத்தில் இந்த வேலை நின்று போயிற்று. இதே வகை ‘படத் தொடக்கம்’ கேம்பிரிட்ஜ் சர்வதேசத் தேர்வின் மீடியா பாடத்திலும் இடம் பெற்றது. அந்தத் தேர்வுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பள்ளிகள் மும்பையிலும் பெங்களூரிலும் உண்டு. நம் தியேட்டர்களிலோ 2012-க்குப் பிறகு எழுத்துக்கு முன்னால் புகையிலை எச்சரிக்கைப் படம் வேறு வந்து சேர்ந்துகொண்டது. தாமதமாக வருகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கிறது.